ஒண்ணும் விசேஷமில்லை

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் தில்லி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் உபநிஷத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வருமான வரியைப் பற்றியும் முழங்கால் மாற்று சிகிச்சையைப் பற்றியும் நிபுணர்கள் பேசியிருக்கிறார்கள். நான் எதிலும் நிபுணி இல்லை. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்புகளைத் தள்ளிவிட்டு 2013இல் ஓய்வு பெற்றவள். செயலாளர் போன் செய்து, "மாமி, அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் பேசுகிறீர்கள்" என்றபோது, எனக்கு என்ன தெரியும் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "தினமும் அந்த பின்லாந்து அம்மாளோடு என்னதான் பேசுவீர்கள்? அதையே சொல்லுங்களேன்" என்றார். "அதில் ஒண்ணும் விசேஷமில்லையே" என்றேன். "அப்படியானால் அதையே தலைப்பாகப் போட்டுவிடுகிறேன்" என்று வைத்துவிட்டார். ஆகவே, இந்தத் தலைப்புக்கு நான் பொறுப்பில்லை!

முதலில் பின்லாந்து எப்படி என் வீட்டுக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கும் மூத்த மாமிகளுக்குத் தெரியும். கல்யாணமாகி தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொள்ளாவிட்டால் தில்லி நம்மை ஏற்றுக்கொள்ளாது. எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஆர்.கே.புரத்தில் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள். மதிய உணவு இடைவேளையில் அலுவலகப் புல்வெளியில் வெயிலில் உட்கார்ந்து, வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கமாக நாங்கள் பின்னிய ஸ்வெட்டர்களுக்குக் கணக்கே இல்லை.

ஓய்வு பெற்றபின் மகள் ஒரு டேப்லட் வாங்கிக் கொடுத்தாள். அவள் டொரண்டோவில் இருக்கிறாள். 2016இல், காலுறை ஒன்றின் குதிகால் பகுதி சரியாக வராமல் மூன்று முறை பிரித்துப் போட்ட கோபத்தில், இணையத்தில் பின்னல்காரர்கள் கூடும் ஓர் இடத்தில் என் சந்தேகத்தை எழுதினேன். பதில் எழுதியவர் பின்லாந்தின் வடபகுதியில் ஔலு என்ற ஊரில் இருக்கும், ஓய்வு பெற்ற நூலக ஊழியர். என்னைவிட இரண்டு வயது பெரியவர்.

முதல் ஒரு மாதம் இரண்டு பேருக்கும் எதுவுமே புரியவில்லை. எட்டாம் நம்பர் ஊசி என்றால், நம் ஊரில் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் நான்கு மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே எட்டு, ஐந்து மில்லிமீட்டர். நமக்கு நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்காவில் நம்பர் ஏற ஏற ஊசி பருக்கும். குரோஷாவில் அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்பதை பிரிட்டிஷார் 'டபுள்' என்பார்கள். இந்தக் குழப்பத்தை நீக்கவே எங்களுக்கு நாற்பது கடிதம் ஆயிற்று. கடைசியில் அந்த அம்மாள், "மில்லிமீட்டரில் பேசுவோமே" என்றார். அன்றிலிருந்து சிநேகிதம்.

காலுறை முடிந்தது. பேச்சு முடியவில்லை. அதுதான் ஆச்சரியம். பேச வேண்டிய விஷயம் தீர்ந்த பிறகுதான் நாங்கள் பேசவே ஆரம்பித்தோம் என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் நான் வழக்கம்போல, "சாப்பாடு ஆயிற்றா?" என்று எழுதிவிட்டேன். நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அவரிடமிருந்து வெகுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "இன்னும் இல்லை. ஏன் கேட்கிறாய்? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால், விளக்கம் சொல்ல உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரியவில்லை, நாம் ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று. சாப்பிடவில்லை என்று அவர் சொன்னால் நான் இங்கிருந்து சாதம் வடித்துப் போடப் போகிறேனா?

அதன்பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்த வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. சீனாவில் பழைய தலைமுறைக்காரர்கள் தெருவில் பார்த்தால் "சாப்பிட்டாயிற்றா?" என்றுதான் கேட்பார்கள். கொரியாவிலும் தாய்லாந்திலும் மலேசியாவிலும் அப்படியே. ஆங்கிலேயர் வானிலையைச் சொல்வார். ஜப்பானியர் கடிதம் எழுதினால் முதல் வரியில் பருவகாலத்தைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். ஈரானில், வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் "களைப்படையாமல் இரும்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதாம். என்ன அழகான வார்த்தை! நம் வீட்டில் யாராவது சமையலறையை எட்டிப் பார்த்து இப்படி ஒரு தடவை சொன்னால் போதாதா?

பின்லாந்துக்காரர்கள் குசலம் விசாரிக்க, "மிதா கூலூ?" என்பார்கள். "என்ன கேட்கிறது?", அதாவது "என்ன காதில் விழுகிறது?" என்று பொருளாம். இதைச் சொன்னதும் நான் துள்ளிக் குதித்தேன். நம்முடைய "என்ன விசேஷம்?" இருக்கிறதே, அதே ஜாதிதான் இது. என்ன விசேஷம் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஒண்ணும் விசேஷமில்லை" என்போம். சொல்லிவிட்டு அரைமணி நேரம் பேசுவோம்! (புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் மட்டும் இந்தக் கேள்வியை ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு எச்சரிக்கையும் கொடுத்துவைத்தேன்.)

மாலினோவ்ஸ்கி என்று ஒரு மானிடவியல் அறிஞர், போலந்து நாட்டவர். பசிபிக் கடலில் பப்புவாவை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவு மக்களோடு தங்கி ஆராய்ச்சி செய்தவர். 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பேச்சுக்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்தார். இதில் தகவல் ஒன்றும் இல்லை. ஆனால், வார்த்தை பரிமாறிக்கொள்வதாலேயே இரண்டு பேருக்கு நடுவே ஒரு கட்டு உண்டாகிறது என்பது அவர் கருத்து. வெட்டிப் பேச்சு என்று நாம் ஒதுக்குவதற்கு, ஒரு பெரிய அறிஞர் நூறு வருஷம் முன்பே சிபாரிசுக் கடிதம் கொடுத்திருக்கிறார்.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அந்தக் காலக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். "உபயகுசலோபரி" என்று ஆரம்பித்து, இவ்விடம் எல்லோரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும் என்று எழுதி, மாடு கன்று போட்டதிலிருந்து கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதுவரை எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதி முடிப்பார் என் மாமனார். விஷயம் என்று பார்த்தால் கடைசி ஒரு வரிதான் இருக்கும்.

அப்புறம் எங்கே கெட்டுப்போனோம்? நான் யோசித்துப் பார்த்தேன். டெலிபோன்தான் நம்மைக் கெடுத்தது! நம் தலைமுறைக்கு டெலிபோன் என்றால் டிரங்க் கால். புக் செய்துவிட்டுக் காத்திருந்து, கிடைத்ததும் கத்திப் பேசி, மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். தந்தி என்றால் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. வாழ்த்துத் தந்திக்கு வாக்கியமே வேண்டாம், எண் கொடுத்தால் போதும். இந்தியாவில் நேரடியாக எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் ஆரம்பித்தது. அது நம் தெருமுனை பூத்துக்கு வந்தபிறகும், இரவு கட்டணம் குறையும்வரை காத்திருந்து, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டேதானே பேசினோம்? "எல்லாரும் சௌக்கியமா? சரி, விஷயத்தைச் சொல்லு. சரி, வச்சுடறேன்." அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. இன்று வாட்ஸ்அப்பில் கனடாவோடு எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை. ஆனாலும் மூன்றாவது நிமிஷத்தில் நம் வாய் தானாகவே "சரி, வச்சுடட்டுமா?" என்கிறது.

இந்த இணையப் பேச்சோ வேறு வழியில் வந்தது. ஊர் ஊராக இருக்கும் பல பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து அரட்டை அடிக்கும் ஐ.ஆர்.சி. என்ற முறையை, 1988இல் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் என்ற இளைஞர் உருவாக்கினார். ஆமாம், என் சிநேகிதியின் ஊரேதான்! அந்த அம்மாள் இதைப் பெருமையாகச் சொன்னபோது, "அதிகம் பேசாதவர்கள் என்று பெயர் வாங்கிய உங்கள் ஊரிலா அரட்டை பிறந்தது?" என்று கேலி செய்தேன். "வாயைத் திறக்காமல் பேச வழி தேவைப்பட்டது, அதனால்தான்" என்று பதில் வந்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 1998இல் யாஹூ மெஸஞ்சர் வந்தது. நம் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் கண் விழித்து அதில் தட்டிக்கொண்டிருந்ததை நாம் திட்டினோம். அது 2018இல் மூடப்பட்டது. 2003இல் வந்த ஸ்கைப் 2025இல் மூடப்பட்டது. பெட்டிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே "என்ன சமையல்?" மட்டும் மாறவில்லை.

நாங்கள் என்ன பேசுவோம்? சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். அங்கே எத்தனை டிகிரி, இங்கே எத்தனை டிகிரி. தில்லி மே மாதத்தில் நாற்பத்தைந்து என்று நான் எழுதினால், "அது எங்கள் சவுனாவுக்கே காணாது" என்பார். சவுனா என்பது அவர்களுடைய வெந்நீராவி அறை. ஐம்பத்தாறு லட்சம் ஜனத்தொகைக்கு முப்பது லட்சம் சவுனா இருக்கிறதாம். 2020இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அடுத்தது காப்பி. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், உலகத்திலேயே அதிகமாகக் காப்பி குடிப்பவர்களில் பின்லாந்துக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். தொழிலாளர் ஒப்பந்தங்களிலேயே காப்பி இடைவேளை எழுதியிருக்குமாம். ஆனால், கொட்டையை லேசாகத்தான் வறுப்பார்கள், சிக்கரி கிடையாது. நம்முடைய டிகாக்‌ஷன் இறங்கும் பித்தளை பில்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். "இதில் ஒரு வாய்க்கு எவ்வளவு நேரம் காத்திருப்பாய்?" என்று கேட்டார். "காத்திருப்பதும் சேர்ந்ததுதான் காப்பி" என்று எழுதினேன்.

நேரக்கணக்கும் பழகிப்போயிற்று. குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை முன்னால் நகர்த்தி வைப்பார்கள். அதன்பின் இரண்டரை மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று மறுபடி பழையபடி. எனக்குப் பத்து மணி, அவருக்கு ஆறரை. என் இரண்டாவது காப்பியும் அவருடைய முதல் காப்பியும் ஒரே நேரம்.

இனி நான் சொல்லப்போவதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

2020 டிசம்பரில் எங்காத்து மாமா காலமானார். கொரோனா காலம். மகளால் உடனே கிளம்பி வர முடியவில்லை. உறவினர்களும் வர முடியவில்லை. காரியமெல்லாம் நாலைந்து பேரோடு, முகக்கவசத்தோடு நடந்தது. பதின்மூன்று நாள் முடிந்து எல்லோரும் போனபிறகு, அந்த வீட்டில் நான் ஒருத்தி. போன் வராமல் இல்லை. தினமும் வரும். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள்: எப்படி இருக்கே, தைரியமாக இரு, பென்ஷன் பேப்பர் கொடுத்தாயிற்றா, பேங்க் கணக்கில் பெயர் மாற்றியாயிற்றா. எல்லாம் அன்போடு கேட்டதுதான், அவசியமானதும்கூட. ஆனால், ஒவ்வொரு போனும் வைத்தபிறகு மனசு இன்னும் கனத்துப்போகும்.

பின்லாந்து அம்மாளுக்கு நான் இரண்டு வாரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரு வரி எழுதினேன். அவர் நீளமாக ஆறுதல் எழுதவில்லை. "உன்னோடு இருக்கிறேன்" என்று மட்டும் எழுதினார். மறுநாள் பத்து மணிக்கு ஒரு செய்தி: "இன்று மைனஸ் பதினாலு. ஜன்னலில் பனி. காப்பி போட்டேன். நீ?" நான் பதில் போடவில்லை. அடுத்த நாளும் பத்து மணிக்கு வந்தது: "மைனஸ் பதினொன்று. பக்கத்து வீட்டு நாய் பனியில் சறுக்கி விழுந்தது. காப்பி போட்டேன். நீ?" அந்தப் பருவத்தில் அவர் ஊரில் பத்து மணி தாண்டித்தான் சூரியன் உதிக்கும், மத்தியானம் இரண்டு மணி வாக்கில் அஸ்தமித்துவிடும். அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒன்பது நாள் இப்படி எழுதினார்.

நான் அத்தனை நாளும் காப்பி போடவில்லை. பில்டரில் எப்போதும் இரண்டு பேருக்குப் பொடி போட்டே பழகிய கை. ஒருத்திக்கு எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அதைத் தொடவே இல்லை. பாலைச் சுடவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலை பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, டிகாக்‌ஷன் இறங்கும்வரை அதன் எதிரிலேயே நின்றேன். பத்து மணிக்கு அவருக்கு எழுதினேன்: "ஏழு டிகிரி. மூடுபனி. காப்பி போட்டேன். கொஞ்சம் ஸ்டிராங்."

அவ்வளவுதான். இதில் தத்துவம் ஏதும் இல்லை. அன்றைக்கு என் வீட்டில் காப்பி வாசனை வந்தது. அதற்குக் காரணம், ஏழு கடல் தாண்டி ஒருத்தி தன் ஊர்க் குளிரைச் சொன்னதுதான்.

அதன்பிறகு தினமும் எழுதினேன். எழுதுவதற்காகவே நாளைக் கவனிக்க வேண்டியிருந்தது. ரசப்பொடி என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டுமானால், நான் ரசம் வைத்தாக வேண்டுமே! பால்கனி மணிபிளான்டில் புது இலை, மதர் டெய்ரியில் கூட்டம், புதிதாக வந்த வாட்ச்மேன் பாடும் போஜ்புரிப் பாட்டு, எல்லாம் அவருக்குப் புதுசு. அவருக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் புதுசாயிற்று.

வருஷாப்திகத்துக்கு 2021 டிசம்பரில் மகள் வந்தாள். ஒருநாள் என் டேப்லட்டில் ஏதோ சரிசெய்துகொண்டிருந்தவள், நடுவில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, வாட்ச்மேன் பாடறார்னு அந்த மாமிக்குத் தெரிஞ்சிருக்கு. மணிபிளான்ட் எத்தனை இலை விட்டிருக்குன்னு தெரிஞ்சிருக்கு. எனக்கு ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

"இதெல்லாம் ஒரு விஷயமா கண்ணா? நீ வேலை நடுவுல பேசறே. உனக்கு எதுக்கு இந்த வெட்டிப் பேச்சு?" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் போன் பண்ணினா பி.பி. எவ்வளவு, மருந்து இருக்கா, பணம் வேணுமான்னு மட்டும்தான் கேக்கறேன். நீயும் அதுக்கு மட்டும்தான் பதில் சொல்றே. நான் டாக்டர் மாதிரி ஆயிட்டேம்மா. எனக்கு மணிபிளான்ட் வேணும்" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான்.

நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? மகளைத் தொந்தரவு செய்யக்கூடாது. அவளுக்கு முக்கியமானதை மட்டும் சொல்ல வேண்டும் என்று. அதை அன்பு என்றே நினைத்திருந்தேன். முன்பின் பார்க்காத ஓர் அன்னிய நாட்டு அம்மாளுக்குக் கொடுத்ததை, நான் பெற்ற பெண்ணுக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். இந்த அரங்கத்தில் பாதிப்பேரின் பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்லவில்லை. ஆனால், போன ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு என்ன பேசினீர்கள் என்று மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அன்றே நானும் அவளும் ஒரு விதி செய்துகொண்டோம். போன் எடுத்ததும் முதல் ஐந்து நிமிஷம் உடம்பு, மருந்து, பணம் மூன்றும் பேசக்கூடாது. மற்ற எதுவும் பேசலாம். முதல் சில வாரம் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். இப்போது மூன்று நிமிஷ போன் அரைமணி நேரம் போகிறது. பதினொரு வயதுப் பேரன், அவன் டப்பாவில் என்ன கொண்டுபோனான் என்று படம் அனுப்புகிறான். அதில் ஒரு தகவலும் இல்லை. அதற்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மனுஷா காணாமல் போய்விடுவார்கள். 2023 பிப்ரவரியில் பத்து மணிச் செய்தி நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். எனக்கு அவருடைய விலாசம் தெரியாது. வீட்டு மனிதர்கள் யாரையும் தெரியாது. ஏழு வருஷம் தினமும் பேசியவரைத் தேட எனக்கு ஒரு கதவுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பதாம் நாள் வந்தது: "பனியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில். என்ன சமையல்?" நான் அழுதுகொண்டே "வத்தக்குழம்பு" என்று எழுதினேன். அதன்பின் அவருடைய தம்பியின் மின்னஞ்சல் என்னிடம், என் மகளின் மின்னஞ்சல் அவரிடம். இப்படி இணையத்தில் சிநேகிதம் வைத்திருக்கும் எல்லோரும் இதை இன்றைக்கே செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, போலிகள். எனக்கே ஒரு 'கப்பல் கேப்டன்' எழுதினார். பத்தே நாளில், எனக்குப் பரிசுப் பொட்டலம் அனுப்பியிருப்பதாகவும், அது கஸ்டம்ஸில் நிற்பதாகவும், பணம் கட்டி எடுக்க வேண்டுமென்றும் சொன்னார். நான் கட்டவில்லை. வெட்டிப் பேச்சுக்குக் காசு கிடையாது. காசு கேட்டால் அது வெட்டிப் பேச்சு இல்லை. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் எண், ஓ.டி.பி., பேங்க் விவரம் யாருக்கும் கூடாது. வீடியோவில் போலீஸ் உடையில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால், நம் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது, இணைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

மூன்றாவது, நாகரிகம். சம்பளம் எவ்வளவு, ஏன் கல்யாணம் ஆகவில்லை, எத்தனை குழந்தை என்று நாம் ரயிலில் கேட்பதை அங்கே கேட்கக்கூடாது. என் சிநேகிதி தன் குடும்பத்தைப் பற்றித் தானாகச் சொல்ல மூன்று வருஷம் ஆயிற்று. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

"பக்கத்து வீட்டில் மனுஷாள் இருக்க, பின்லாந்து வரை போகணுமா?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. போகவேண்டாம்தான். ஆனால், அங்கே போய்வந்த பிறகுதான் எனக்குப் பக்கத்து வீடு கண்ணில் பட்டது. எங்கள் மாடியில் இருக்கும் வங்காளி அம்மாளோடு எட்டு வருஷமாக லிப்டில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் மீன் சமைக்காத நாட்களில் எனக்கு ஒரு கிண்ணம் ஏதாவது வரும்; என்னிடமிருந்து ரசம் போகும்.

நானும் பின்லாந்து அம்மாளும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. இனிமேல் பார்ப்போம் என்றும் தோன்றவில்லை. அவருக்கு இடுப்பு, எனக்கு முழங்கால். இன்று காலை பத்து மணிக்கு, சாயங்காலம் மேடையில் பேசப்போகிறேன் என்று எழுதினேன். "எதைப் பற்றி?" என்று கேட்டார். "நம்மைப் பற்றி" என்றேன். "அதில் பேச என்ன இருக்கிறது?" என்று பதில் வந்தது. பாருங்கள், அவருக்கும் நம் ஊர்ப் பதில் வந்துவிட்டது.

வெளியே காப்பி தயாராக இருப்பதாகச் செயலாளர் கைகாட்டுகிறார். போகும்போது, பெயர் தெரியாத ஒருவரிடம் என்ன விசேஷம் என்று கேளுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ போன் செய்து, மருந்தைப் பற்றிப் பேசாமல், இன்று கூட்டத்தில் காப்பி எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.